சகலையின் காது

என் சகலை, அதாவது என் மனைவியின் அக்காள் கணவர், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் வகையறாக்களைப் பற்றி ஒரு மாதப் பத்திரிகையில் எழுதுகிறவர். நேரில் அவரை 'நீங்க' என்பேன். மனதுக்குள் அவன்தான். இங்கே மனதுக்குள் இருப்பதையே எழுதுகிறேன்.

கம்பெனிக்காரர்கள் பெட்டி பெட்டியாக அவன் வீட்டுக்கு அனுப்புவார்கள். கேட்டுப் பார்த்து இரண்டு பக்கம் அளந்துவிடுவான். போன மாதம் வந்த கேபிள் என் மணிக்கட்டுப் பருமன். மேலே துணி உறை, வைக்க வெல்வெட் பெட்டி, விலை ஒரு ஸ்கூட்டர். 'இதில் ஒலி பட்டு உடுத்திக்கொண்டு வருகிறது' என்று எழுதினான். நான் காது மருத்துவமனையில் செவித்திறன் சோதிக்கிறவன். பதினாறு வருடமாக ஹெட்போனோடு வரும் சாதாரண ஒயரை வைத்துத்தான் யாருக்குக் கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று சொல்லி வருகிறேன். ஊர் காதையெல்லாம் சோதிக்கிறவன் நான். அதே காதில் பூ சுற்றுகிறவன் அவன். பேரும் புகழும் அவனுக்கு.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். பத்திரிகை வந்ததும் என் மனைவி முதலில் அவன் பக்கத்தைத்தான் திறப்பாள். உட்காரக்கூட மாட்டாள், நின்றபடியே படிப்பாள். அப்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் நான் சொன்ன எதற்கும் அந்த முகத்தை அவள் காட்டியதில்லை. பொறாமையா என்றால், ஆமாம், பொறாமைதான். வயிறு எரிந்தது.

அதனால் ஒரு ஃபைல் போட்டேன். அவன் கட்டுரைகளை வெட்டி ஒட்டி, உளறல் என்று பட்ட வரிகளுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்தேன். சாப்பிடும்போது ராகம் போட்டுப் படித்துக் காட்டுவேன். 'வயலின் வில் திரும்பும் இடத்தில் ஒரு சின்னத் தயக்கம். வாசல்வரை வந்துவிட்டுச் சாவியைத் தேடுகிறவர் போல.' மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். மனைவி தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாள். அத்தானைச் சொன்னால் இவளுக்குப் பொறுக்கவில்லையே என்று எனக்கு இன்னும் எரியும். இன்னொரு வரியை எடுப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவனே என் அறை வாசலில் வந்து நின்றான்.

"சகல, ஒரு மாசமா காதுக்குள்ள ரீங்காரம். டாக்டர் டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொன்னார்" என்றவன், குரலைத் தாழ்த்தினான். "வீட்ல யாருக்கும் தெரிய வேணாம். என் பொழப்பே இந்தக் காதுதான்."

"சத்தியமா சொல்லமாட்டேன்" என்றேன். அந்த நிமிடம் உண்மையாகத்தான் சொன்னேன்.

கண்ணாடி ஜன்னல் வைத்த சத்தம் புகாத கூண்டுக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தேன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். தாழ்ந்த சுருதிகளுக்கு ஒழுங்காக அழுத்தினான். சுருதி ஏற ஏற அவன் பார்வை என் தோளுக்கு வந்தது. இது பலர் செய்வதுதான். என் கை அசைந்தால் சத்தம் வருகிறது என்று தெரிந்துகொண்டு அழுத்துவார்கள். ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை, கேட்டதாகவே நம்புவார்கள். அதற்கு எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. சத்தம் ஒன்றும் அனுப்பாமல் கையை மட்டும் அசைத்தேன். அழுத்தினான். மறுபடி அசைத்தேன். மறுபடி அழுத்தினான். சோதனைக்கு இரண்டு தடவை போதும். நான் ஏழு தடவை செய்தேன். ஏழு தடவையும், இல்லாத சத்தத்துக்குத் தலையை லேசாக ஆட்டி ரசித்து அழுத்தினான்.

பிறகு கைக்கு ஓர் அட்டையை மறைப்பாக வைத்துக்கொண்டு முறையாக எடுத்தேன். செவித்திறன் வரைபடத்தில் கோடு பாதிவரை சமமாக வந்து, அதற்குமேல் சரசரவென்று இறங்கிவிட்டது. பறவைச் சத்தம், பேச்சில் வரும் 'ஸ்', வயலினின் மேல் சுருதி எதுவும் அவனுக்குச் சரியாக எட்டாது. நேற்று வந்த குறையாகவும் தெரியவில்லை.

"எப்படி இருக்கு சகல?"

"டாக்டர் சொல்வார்" என்றேன். முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்ள ரொம்பச் சிரமப்பட்டேன். அவன் போனதும் வரைபடத்தை ஒரு நகல் எடுத்தேன்.

என் சத்தியம் சாயங்காலம் ஆறு மணிவரை தாங்கியது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஃபைலையும் நகலையும் கட்டிலில் அவள் முன்னால் வைத்தேன்.

"உங்க அத்தானுக்குக் காதே சரியா கேக்கல. நான் ஒண்ணுமே அனுப்பல, ஏழு தடவ கேட்டுச்சுன்னு அழுத்துறார். இவர்தான் கேபிள மாத்தினா பட்டு உடுத்துதுன்னு எழுதுறார். வயலின் தயங்குதாம். அந்த வயலினே பாதி அவருக்குக் கேக்காது."

அவள் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தாள். அந்த முகம் வாடுவதைப் பார்க்க நான் காத்திருந்தேன்.

"ஓ, அதுக்குத்தானா" என்றாள்.

"எதுக்கு?"

"சனிக்கிழம உங்களுக்கு ட்யூட்டின்னா நான் அக்கா வீட்டுக்குப் போறேன்ல. அத்தான் பாட்டு போட்டுட்டு, என்ன தோணுதுன்னு எங்க ரெண்டு பேரையும் கேப்பார். அக்கா காய் நறுக்கிட்டே ஒண்ணும் தோணலம்பா. நான் தோணினதச் சொல்வேன். எழுதிக்குவார். நான் சொல்றது பிடிச்சுப்போய்க் கேக்குறார்னுதான் நெனச்சேன்."

ஃபைலைத் திறந்து ஒரு சிவப்புக் கோட்டில் விரலை வைத்தாள். "சாவியத் தேடுறது, நான் சொன்னது." பக்கத்தைப் புரட்டினாள். 'பாடுகிறவர் மூச்சு இழுக்கிறார், பக்கத்தில் குழந்தை தூங்குவது போல.' "இதுவும்." 'பாட்டு நின்றதும் அறை கொஞ்சம் பெரிதாகிவிட்டது.' "இதுவும் நான்தான்." பட்டு வந்த இடத்தில் விரல் நின்றது. "இது அவர். கேபிள மாத்தி மாத்திப் போட்டார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலன்னு சொன்னேன். அத மட்டும் எழுதல."

பதினோரு சிவப்புக் கோடுகளில் எட்டு அவளுடையவை.

கேபிளைப் பற்றி நான் சொன்னது சரிதான். அதில் எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. இத்தனை நாள் நின்றபடி அவள் படித்தது தன் சொற்களை. அவற்றைத்தான் நான் ராகம் போட்டுப் படித்து மகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. அவனுக்கு அவள் இதையெல்லாம் சொல்லியிருக்கிறாள் என்பது அதைவிட அதிகமாக எரிந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் சொன்னது மொதல் தடவ அச்சுல வந்தப்பவே காட்டலாம்னு பத்திரிகைய எடுத்துட்டு வந்தேன். நீங்க வாங்கிப் படிச்சுட்டுச் சிரிச்சீங்க." கோபமாகச் சொல்லவில்லை. மகளின் சட்டை ஒன்றை மடித்து மேலே வைத்தாள்.

நான் போனை எடுத்து, கையில் கிடைத்த வயலின் ஒன்றைப் போட்டேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டாள். மரியாதையாகக் கேட்டாள்.

"என்ன தோணுது?" என்றேன்.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

மேலே ஏதாவது வரும் என்று பார்த்தேன். அவள் வரைபடத்தை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

"இந்தச் சனிக்கிழம கொஞ்சம் சீக்கிரமே போகணும். அத்தானுக்குப் புது ஸ்பீக்கர் வருது. பாவம், அந்த மேல் சத்தமெல்லாம் இனிமே நான்தான் கேட்டுச் சொல்லணும்."