மெலிந்த தகடு கொழுத்த கதை

கண்ணாடிக் கலத்துக்குள் குமிழிகள் பொரிந்து பொரிந்து மேலே வந்தன. நாத்தனார் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணி, உங்க தகடு இன்னைக்கும் ஜோர். கண்ணு பட்டுடப் போகுது" என்றாள்.

அண்ணி அன்றைய அளவை நோட்டில் குறித்துக்கொண்டாள். அந்த ஆய்வுக்கூடத்தில் தகடு செய்வது அவள் வேலை. அதைக் கலத்தில் பூட்டி ஓடவிடுவது அவள் கணவனின் தங்கை வேலை. டைட்டானியத் தகட்டின் மேல் பிளாட்டினத்தைச் சில அணுக்கள் கனத்துக்குத்தான் பூசியிருந்தாள். ஒரு மோதிரத்துப் பிளாட்டினம் போதும், அப்படி ஒரு வீட்டின் தரைக்கும் சுவருக்கும் பூசிவிடலாம். அமிலத் தண்ணீரில் தகட்டை இறக்கி மின்சாரம் விட்டால் ஹைட்ரஜன் பிரியும். குறைந்த மின்சாரத்துக்கு நிறைய வாயு வந்தால் தகடு கெட்டிக்காரத் தகடு.

வெள்ளிக்கிழமை மேலாளர் வருகிறார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் 'அவசரம்'. தொழிற்சாலையின் புது ஹைட்ரஜன் இயந்திரத்துக்கு இந்தத் தகடா, பிளாட்டினத்தைக் கனமாகப் பூசிய பழைய தடித்த தகடா என்று சொல்லிவிடுவார். அண்ணியின் மூன்று வருட உழைப்பு அவர் வாயில் இருந்தது.

"முந்தாநாளைவிட நேத்து நல்லா ஓடிச்சு. நேத்தைவிட இன்னைக்கு" என்றாள் அண்ணி.

"அதுக்கு ஏன் அண்ணி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"உழைக்க உழைக்கத் தேயணும்டி. இது தேறுது."

"எங்க அண்ணன் மாதிரின்னு சொல்லுங்க."

"அவருக்கென்ன?"

"டயட்டுன்னு உங்க வீட்டுல வெறும் சூப்பைக் குடிச்சிட்டு எடை ஏறினானே, மறந்துட்டீங்களா? ஆபீஸ்லேர்ந்து நேரா அம்மாகிட்ட வந்து ஒரு பிடி பிடிச்சிட்டுத்தானே உங்ககிட்ட வந்து பத்தியம் இருந்தான்!"

அண்ணி சிரித்தாள். பாதிச் சிரிப்பில் வாய் அப்படியே நின்றது.

"ஏய், இதுக்கு யாருடி ஊட்டறாங்க?"

இரண்டு தலைகளும் கலத்துக்குள் எட்டிப் பார்த்தன. மின்சாரம் சுற்றி வருவதற்காகத் தகட்டுக்கு எதிரே ஒரு கம்பி தொங்கியது. அதுவும் பிளாட்டினம். தடித்த தகடுகளைச் சோதித்த காலத்திலிருந்து அதையேதான் மாட்டுவார்கள். மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. மின்சாரம் ஓட ஓட அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாமல் அமிலத்தில் கரையும். கரைந்தது எதிரே போய் ஒட்டிக்கொள்ளும். தடித்த தகட்டுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இந்த மெலிந்த தகட்டுக்கோ விருந்து.

"சொல்லாம விட்டா அவசரத்துக்குத் தெரியவா போகுது?" என்று நாத்தனார் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியாது. இயந்திரத்துக்குத் தெரியும். அங்கே ஊட்ட ஆள் கிடையாது."

வெள்ளிக்கிழமை மேலாளர் நாற்காலியில்கூட உட்காரவில்லை. "பிரமாதமாமே! முடிச்சிடலாமா?"

"வேண்டாம் சார். இதுல பாதி என் தகடோட வேலை இல்ல." நடந்ததைச் சொன்னாள்.

"என்னம்மா, மேடை வரைக்கும் வந்துட்டு மாப்பிள்ளை வேண்டாங்கற?"

"மாப்பிள்ளை சம்பாத்தியம்னு நாம பார்த்தது மாமனார் சம்பாத்தியம் சார். கம்பியை எடுத்துட்டுப் பிளாட்டினமே இல்லாத கரித்தண்டு மாட்டி, புதுத் தகட்டை ஓட்டணும். ரெண்டு வாரம் குடுங்க."

"அதுவும் ஊத்திக்கிட்டா?"

"பழைய தகட்டையே போட்டுக்குங்க. நான் ஒரு மூலையில உக்காந்து அழுதுக்கறேன்."

மேலாளர் தாடையைச் சொறிந்தார். "ரெண்டே வாரம். அதுக்கு மேல எனக்கு அவசரம்."

புதுத் தகடு ஓட ஆரம்பித்தது. அண்ணி காலையில் கதவைத் திறக்கும்போதே கேட்பாள்.

"என்னடி?"

"வாயு குறையுது. கொஞ்சம் இளைச்சிருக்கு அண்ணி."

மறுநாளும் இளைத்தது. அதற்கு மறுநாளும். அண்ணிக்குச் சாப்பாடு தொண்டையைத் தாண்டவில்லை. டயட் இருந்த கணவனே பயந்துபோய், "நீ ஏன் இளைக்கற?" என்று கேட்டான்.

பிறகு ஒரு காலை, "நேத்து மாதிரியேதான் இருக்கு" என்றாள் நாத்தனார். அடுத்த நாளும் அதே பதில். அந்த வாரம் முழுக்க அதே பதில். இப்படி ஒரு சப்பென்ற வார்த்தை இவ்வளவு இனிக்கும் என்று அண்ணி நினைத்ததே இல்லை.

இரண்டு வாரம் முடிந்து வந்த மேலாளர் கணினித் திரையில் கணக்கைப் பார்த்தார். "முன்னே காட்டினதைவிடக் குறைச்சல்."

"குறைச்சல்தான் சார். ஆனா எல்லாம் அதோட சொந்த உழைப்பு. தடித்த தகட்டுக்கு ஒரு அடி பின்னால நிக்குது, அவ்வளவுதான். பிளாட்டினமோ அதுல நூத்துல ஒரு பங்குகூட இல்ல."

"ம்… சின்ன இயந்திரம் ஒண்ணு இருக்கு. அதுக்கு வேணுங்கற தகடு பண்ணுங்க, போட்டுப் பார்ப்போம்." வாசல் வரை போனவர் திரும்பினார். "நிதானமா பண்ணுங்கம்மா. அவசரமில்ல."

கதவு சாத்தும்வரை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கேட்டீங்களா அண்ணி! அவசரமில்லையாம்! சரி, நான் அம்மா வீட்டுக்குப் போறேன். உங்க வீட்டுக்காரர் இப்ப அங்கதான் இருப்பார், தெரியுமில்ல?"

"இருக்கட்டும்" என்றாள் அண்ணி, கைப்பையை எடுத்துக்கொண்டே. "எனக்குப் பசி உயிர் போகுது. அத்தைகிட்ட இன்னொரு தட்டு போடச் சொல்லு."