ஆளுக்கொரு மனு

பதினேழு பேர் கையெழுத்துப் போட்ட மனுவைப் பாண்டித்துரை தொடக்கூட மறுத்துவிட்டார். அபுதாபி முசஃபாவில் உள்ள தொழிலாளர் கேம்பின் சமையல்காரர் லுக்மானை ஷார்ஜாவுக்கு மாற்றக் கூடாது என்பதுதான் மனு. இத்தனைக்கும் பாண்டித்துரைக்குத்தான் அதில் அக்கறை அதிகம். அவருடைய அல்சர் வயிற்றுக்காகத் தினமும் காரமில்லாத குழம்பைத் தனியாக எடுத்துவைக்கிற புண்ணியவான் லுக்மான்.

"பேனாவைப் பிடிங்கண்ணே, கடிக்காது," என்றான் வெல்டர் விஜயபாஸ்கர்.

"பட்டாளத்துல கூட்டு மனு குத்தம்டா. தன் குறையைத் தனியா சொல்லலாம், சேர்ந்து எழுதக் கூடாது. லீவு கேட்டு அஞ்சு பேரு கையெழுத்துப் போட்டோம். என் நாயக் பதவி போச்சு."

"நீங்க ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சே."

அது அவருக்கும் தெரியும். சட்டம் அவரை விட்டுவிட்டது, பயம்தான் விடவில்லை. அதை நினைத்தால் வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் லுக்மானை விட மனம் வருமா? கடைசியில் பட்டாள வழியையே சொன்னார். ஆளுக்கொரு மனு, அவரவர் குறை மட்டும், அடுத்தவன் பெயரே வரக் கூடாது.

மறுநாள் கேம்ப் மேனேஜர் ஹஸ்னைனின் மேசையில் பதினெட்டுத் தாள்கள் கிடந்தன. அவரும் கீழக்கரைத் தமிழர்தான், ஒவ்வொன்றாகப் படித்தார். ஒருவன் கருவாட்டுக் குழம்புக்காக அழுதிருந்தான். இன்னொருவன், லுக்மான் வந்த பிறகு போனில் மனைவியோடு சண்டையே இல்லை என்று எழுதியிருந்தான். விஜயபாஸ்கர் நான்கு கிலோ கூடியதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டை இணைத்திருந்தான். பாண்டித்துரை எழுதியது ஒரே வரி: "ஐயா, என் வயிறு லுக்மானை நம்பி இருக்கிறது."

சாயங்காலம் ஹஸ்னைன் மெஸ்ஸுக்கே வந்துவிட்டார். "ஹெட் ஆபீஸ்ல எல்லாத்தையும் படிச்சுக் காட்டுனேன். சிரிச்சு மாளல. கலாஸ், பேச்சு முடிஞ்சுது, லுக்மான் இங்கதான்."

கூச்சல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. லுக்மான் பாயசம் வைத்தார். விஜயபாஸ்கர் சும்மா இருப்பானா? ஹஸ்னைனுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினான். பாண்டித்துரையைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று அவரை மட்டும் தாண்டிப் போனான்.

"எங்கடா போற? குடு இங்க."

தாளை வாங்கி மேசைமேல் விரித்தார். மற்றவர்கள் பெயருக்கெல்லாம் மேலே, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே 'நாயக்' என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். இனி அதைப் பிடுங்க யாருமில்லை.