அருந்தவனுக்கு யாரோ போட்ட மாலை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையே அல்ல, பயணக் கட்டுரையாகத்தான் தொடங்கியது. மெல்பேர்ணில் எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நானும் மனைவி நிரூபாவும் இத்தாலியின் நாட்டுப்புறத்தில் சுற்றிய ஒரு பகலை எடுத்துக்கொண்டேன். முதல் வரி இப்படி வந்தது: 'மத்தியானமானதும் டஸ்கனிக் கிராமங்கள் கடைகளைச் சாத்திவிட்டு உறங்கிவிடுகின்றன.' நல்ல வரிதான். கிழவர்கள் நின்றபடியே கோப்பி குடிப்பதையும், ஒலிவ் தோட்டங்களில் ஆளரவமே இல்லாததையும் எழுதினேன். பிறகு, தெரு வளைவில் நாங்கள்—

(இதோடு நிறுத்தியிருக்கலாம். என் கை சும்மா இருக்காது.)

2

வளைவில் ஒரு நினைவுக்கல். விபத்தில் இறந்த யாருக்கோ வைத்தது. கல்லில் பதித்த படம், அதன்மேல் பிளாஸ்டிக் பூமாலை. அந்த முகம் நிரூபாவின் தம்பி அருந்தவனை ஒத்திருந்தது. 'ஒத்திருந்தது' என்பது என் கோழைத்தனம். அவனேதான்.

அருந்தவன் ஈழப்போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். மெல்பேர்ணின் ட்ருகனினாவில் எங்கள் வீட்டு ஹோலில் அவனுடைய படம் இருக்கிறது. மாலை இல்லை, பொட்டு இல்லை, விளக்கும் இல்லை. வைத்தால் அவன் செத்துவிட்டான் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நிரூபா அந்த மாலையைக் கழற்றித் தெருவோரப் பற்றைக்குள் எறிந்தாள்.

"என்ன செய்யிறீர்? அது ஆரோ இத்தாலிக்காரன்ர கல்லு."

"உயிரோட இருக்கிறவனுக்கு மாலை போடுறதோ?"

3

(வாசகருக்கு ஒரு குறிப்பு. அவள் மாலையை எறிந்த பிறகுதான் அந்தக் கல்லைப் படமெடுத்தேன். என் போனில் உள்ள படத்தில் மாலை இருக்கிறது. இதற்கு விளக்கம் கேட்காதீர்கள்.)

முடிவு ஒன்று: அது அந்த ஊர்க்காரர் யாரோ. மலருக்கு இது போதும். நிரூபா வாசித்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

முடிவு இரண்டு: அருந்தவன் எப்படியோ தப்பி, வேறு பெயரில் அங்கே வாழ்ந்து, அந்த வளைவில் ஒரு நாள்—

எப்போது திரும்பி வந்தாளோ, பின்னால் நின்ற நிரூபா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"எழுதாதேங்கோ. எழுதினால் அது நடந்திடும்."

"கதைதானே, நிரூபா."

"கதையெண்டால் அவனைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன். உங்களுக்கு ஒரு வரிதானே!"

எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒன்றே ஒன்று அது.

4

எழுதினேன்: 'அழைப்பு மணி அடித்தது.'

அடித்தது.

(எங்கள் வீட்டில் அழைப்பு மணி கிடையாது. வருகிறவர்கள் கதவைத் தட்டுவார்கள்.)

"ஓம், வாறன்! வாறன்!" என்று நிரூபா ஓடுகிறாள். கதவுக் கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் நிற்பது எனக்கும் தெரிகிறது. உயரம் தெரிகிறது. முகம் தெரியவில்லை, ஏனென்றால் நான் இன்னும் அதை எழுதவில்லை. எழுத எனக்குத் துணிவில்லை.

வாசகரே, அவள் கை பூட்டில் இருக்கிறது. அவள் திறக்குமுன் கெதியாக ஒரு முகம் எழுதுங்கள்.