நீட்டி முழக்கிய அறிமுகம்

வளவளவென்று பேசுபவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. துறைக் கூட்டத்தில் யாராவது அறிமுக உரையை நீட்டினால், நாற்காலியை நகர்த்திச் சத்தம் எழுப்பும் முதல் ஆள் நான்தான். பாராட்டிலும் அப்படித்தான். "சரி, அடுத்த வேலையைப் பாரு" என்றால் பாராட்டிவிட்டதாக அர்த்தம். "உன் வாயால பாராட்டு வாங்குறதும் கல்லுல நார் உரிக்கிறதும் ஒண்ணு" என்பார் என் வீட்டுக்காரர். அப்படிப்பட்டவளுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்.

என் ஆராய்ச்சி மாணவியும் நானும் ரத்தம் கசியும் காயத்திலும் ஒட்டுகிற ஒரு பசையைக் கண்டுபிடித்தோம். பல்கலைக்கழக வேலையில் இருந்துகொண்டே, உடைந்த நாற்காலிகள் கிடந்த ஓர் அறையைக் காலிசெய்து, கம்பெனியும் தொடங்கிவிட்டோம். துறையில் அவளுக்குப் பட்டப்பெயரே 'பசை'.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன், அதில் என்ன சேர்கிறது என்று நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் உரிமை போச்சு. உரிமை போனால் கம்பெனியும் போச்சு. விண்ணப்பம் இன்னும் போய்ச் சேராத அன்றைக்குத்தானா அவளுடைய டாக்டர் பட்ட வாய்மொழித் தேர்வு வர வேண்டும்? யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பது விதி. மூன்றாம் வரிசையில் போட்டிக் கம்பெனிக்காரர் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். முந்தின நாளே விண்ணப்பத்தை அனுப்பியிருக்க வேண்டிய எங்கள் வக்கீலோ, "இதோ, அனுப்பிட்டே இருக்கேன்" என்றார்.

தேர்வாளரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "எனக்கு ஃப்ளைட் இருக்கும்மா. கொஞ்சம்கூடத் தள்ள முடியாது" என்றார்.

"நீங்க என்னை அறிமுகப்படுத்துவீங்கல்ல மேடம், அதை இழுங்க" என்றாள் பசை. "அனுப்பியாச்சுன்னு வக்கீல் போடுற மெயில் என் லேப்டாப்புக்குத்தான் வரும். வந்ததும் தண்ணி குடிக்கிறேன். அப்ப நிறுத்திடுங்க."

"எனக்கு இழுக்கத் தெரியாதுடி."

"இன்னிக்குக் கத்துக்கோங்க."

மேடை ஏறினேன். துறையின் வரலாற்றைச் சொன்னேன். ஆதிமனிதன் எதை எதோடு ஒட்டினான் என்றும் சொன்னேன். தேர்வாளர் கொட்டாவி விட்டார். பின்வரிசையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். கட்டடத்தையே நகர்த்தினாலும் இறங்க மாட்டேன் என்று மேசையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பசையோ தன் தண்ணீர் பாட்டிலைத் தொடவே இல்லை.

கைவசம் இருந்த சரக்கெல்லாம் தீர்ந்தது. மிச்சம் அவள் ஒருத்திதான். நாங்கள் காய்ச்சிய பசை ஒட்டாமல் உரிந்து உரிந்து வந்த நாளில் "தூக்கிக் குப்பையில போடு" என்று நான் கத்தியதையும், மறுநாள் காலையில் அவள் அதே கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டு நின்றதையும் சொன்னேன். எங்களைக் கரையேற்றிய யோசனை அவளுடையது, என்னுடையதில்லை என்றேன். "இவ மாதிரி ஒருத்தி கிடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும்" என்றும் சொல்லிவிட்டேன். அப்போதுதான் அவள் பாட்டிலை எடுத்தாள்.

"பேசும்மா" என்று இறங்கினேன். பிறகு அவளை மடக்க யாராலும் முடியவில்லை. டாக்டர் ஆகிவிட்டாள்.

வராந்தாவில் பிடித்துக்கொண்டேன். "கடைசி நிமிஷத்துல வந்துச்சா மெயிலு?"

"நீங்க குப்பைக் கதையைத் தொடங்கினப்பவே வந்துடுச்சு, மேடம்."

"அடிப்பாவி! தொண்டை காஞ்சு போய் நின்னேனே! ஏன் தண்ணி குடிக்கல?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"குடிச்சா நிறுத்திடுவீங்களே, மேடம்."