மூன்று முறை பாக்யராஜ்

பாகூர் பாக்யராஜ் நீதிமன்றத்தில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்று ஒவ்வொரு பெயரையும் மும்முறை கூப்பிட்டே முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவர். வக்கீலுக்குத் தெரிந்த சட்டமெல்லாம் தனக்கும் தெரியும் என்பது அவருடைய எண்ணம். வக்கீல்களுக்கு அந்த எண்ணம் இல்லை.

அவரே சாட்சியாக வரவேண்டிய நாளும் வந்தது. பனித்திட்டுக் கரையில் நின்ற படகிலிருந்து, பட்டப்பகல் மூன்று மணிக்கு இன்ஜினைத் திருடியதாக நல்லவாடு மெக்கானிக் ராமு மேல் வழக்கு. அந்த நேரத்தில் ராமு பாகூரில், பாக்யராஜின் கரும்புக் கொல்லைக் கோடியில், போர்வெல் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். இதைச் சொல்ல பாக்யராஜை விட்டால் வேறு ஆள் கிடையாது. அவர் சொல்லாவிட்டால் ராமு உள்ளே போவது நிச்சயம். ஏற்கெனவே இரண்டு வாய்தா ஓடிவிட்டது. இன்றும் சாட்சி வராவிட்டால் எதிரியான ராமு தரப்பு சாட்சியம் முடிந்ததாக எழுதிவிடுவேன் என்று நடுவர் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சலவை வேட்டியும் காலணா அளவு குங்குமப் பொட்டுமாக பாக்யராஜ் காலையிலேயே வந்து இறங்கினார். காஜா மொய்தீன் கடையில் டீ குடித்தார். பிறகு நீதிமன்றத்துக்குள் போய், பழைய பழக்கத்தில் வாசற்படி ஓரமாகவே நின்றுகொண்டார்.

இப்போது டவாலி வேலையில் இருக்கும் புவனேஸ்வரிக்கு அன்று பார்த்துத் தொண்டை கட்டு. அவள் "பாக்யராஜ்" என்று கூப்பிட்டது பக்கத்தில் நின்றவருக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. பாக்யராஜுக்கு மனசு பொறுக்கவில்லை.

"இன்னாம்மா இது, ஒரு கொசு கூட திரும்பிப் பாக்காது. நீ வுடு, நான் கூப்புடுறேன்."

வெளியே பார்த்து நின்றார். மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"பாக்யராஜ்! பாக்யராஜ்! பாக்யராஜ்!"

வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. வராந்தாவை இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. உள்ளே திரும்பிக் கையைக் கட்டிக்கொண்டு, "ஆஜர் இல்லீங்கம்மா" என்றார்.

நடுவர் அம்மா பேனா மூடியைக் கழற்றினார்.

"அண்ணே! அது நீதான்ணே!" கூண்டிலிருந்து ராமு அலறினான். பாவம், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கோர்ட்டு சிரித்தது. பாக்யராஜுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முப்பது வருஷத்தில் எத்தனை சாட்சிகளைக் காது கேட்காத ஜென்மம் என்று திட்டியிருப்பார்! தலையைக் குனிந்தபடியே சாட்சிக் கூண்டில் ஏறினார்.

"மூணு மணிக்கு வூட்டு வாசல்ல நின்னு சாப்புட வாடான்னு கூப்ட்டேங்க. மோட்டார் கொட்டாயிலேந்து வந்தான். சாப்ட்டான். அவ்ளோதாங்க."

அரசு வக்கீல் எழுந்தார். ராமு முதலிலேயே சொல்லியிருந்ததைச் சோதிக்க எஸ்.ஐ. துப்பறிந்து தயாரித்த வரைபடம் அவர் கையில் இருந்தது.

"வீட்டுக்கும் கொட்டகைக்கும் நானூறு மீட்டர். டேப் வைத்து அளந்திருக்கிறார்கள். நடுவில் ஆளுயரக் கரும்பு. மனுஷக் குரல் அவ்வளவு தூரம் போகுமா? நீங்கள் சொல்வது கட்டுக்கதை என்கிறேன்."

பாக்யராஜ் வாயைத் திறப்பதற்குள் வாசலில் காஜா மொய்தீன் மூச்சிரைக்க வந்து நின்றார். தோளில் டீ வடிகட்டும் துணி.

"மன்னிக்கணும்மா. பாக்யராஜ், பாக்யராஜ்னு யாரோ அலறுனாங்க. அவரு நம்ம கடையில டீ குடிச்சிட்டு இங்கதான் வந்தாரு. சொல்லிட்டுப் போவலாம்னு ஓடியாந்தேன்."

"உங்கள் கடை எங்கே இருக்கிறது?" என்றார் நடுவர்.

"பஸ் ஸ்டாண்டு தாண்டி, பெட்ரோல் பங்க்குக்கு எதிர்லம்மா. இங்கேந்து அர கிலோமீட்டருக்கு மேல இருக்கும்."

நடுவர் அம்மா அரசு வக்கீலைப் பார்த்தார். அரசு வக்கீலும் அந்தக் கடையில்தான் தினமும் டீ குடிப்பவர். அவர் வரைபடத்தை நான்காக மடித்தார்.

"மேற்கொண்டு கேள்வி இல்லை."

அடுத்த வாய்தாவில் தீர்ப்பு வந்தது. சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை. ராமு பாக்யராஜின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அவர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆனாலும் அவருக்கு ஒரு குறை.

"சந்தேகமாம்ல சந்தேகம்! என் குரல் மேல இன்னாடா சந்தேகம்?"

வராந்தாவுக்குப் போனார். மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"காஜா பாய்! மூணு டீ! புவனேஸ்வரிக்கு மட்டும் இஞ்சி போட்டு!"

டீ சூடாகவே வந்து சேர்ந்தது.