செயலாளர் வராத ஞாயிற்றுக்கிழமை

எழுபத்து மூன்றாம் ஆண்டு, வாலிபர் சண்டைகளைத் தடுக்க உழைக்கும் சங்கங்களுக்கு உதவிப் பணம் கொடுப்பதென்று நகரசபை தீர்மானித்தது. துறைமுகப் பக்கத்தில் அதற்குப் பாக்கியரத்தினத்தைவிடத் தகுதியானவர் இல்லை என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவர் துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞர். கரையோர வாலிபர் மன்றத்தின் செயலாளர். தையல்கடை முத்தலிபும் அவரும் சேர்ந்து தொடங்கிய மன்றம் அது.

அதற்கு முன்பு இறங்குதுறையில் மூட்டை தூக்கும் பொடியன்களுக்கும் சந்தைப் பக்கத்துப் பொடியன்களுக்கும் ஓயாத சண்டை. கப்பல் வந்தால் வேலை யாருக்கு என்பதில் தொடங்கும். பிறகு காரணமே தேவைப்படாது. இரண்டு பக்கத்திலும் தமிழரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். தெருதான் அவர்களைப் பிரித்து வைத்திருந்தது. பாக்கியரத்தினமும் முத்தலிபும் ஓர் அரிசிக் களஞ்சியத்தின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, விளையாடக் கரம் பலகைகள் போட்டார்கள். கடற்கரையில் வொலிபோல் வலை கட்டினார்கள். எங்காவது சண்டை புகைகிறது என்று கேள்விப்பட்டால் இருவரும் உடனே போய் நடுவில் நிற்பார்கள். பாக்கியரத்தினம் சத்தம் போடுவதில்லை. ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தாயின் சுகத்தை விசாரிப்பார், தங்கச்சியின் படிப்பை விசாரிப்பார். அதற்குப் பிறகு கையை ஓங்குவது எவனுக்கும் கஷ்டம். ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தப் பக்கத்திலிருந்து அடிபட்டு ஒருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

அதுவே வினையாயிற்று. பாக்கியரத்தினமும் முத்தலிபும் விண்ணப்பம் போட்டு நேர்முகத்துக்குப் போனபோது, சபை உறுப்பினர்கள் அவர்களுக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, வாயாரப் பாராட்டினார்கள். பிறகு ஓர் உறுப்பினர், உங்கள் பக்கம்தான் இப்போது அமைதியாக இருக்கிறதே, இருக்கிற பணம் கொஞ்சம், சண்டை நடக்கிற வட்டாரங்களுக்கு முதலில் கொடுப்பதுதானே நியாயம் என்றார். முடிவை அடுத்த கூட்டத்தில் எடுப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும் வழியில் முத்தலிப் சிரித்தார். சண்டை இல்லை என்று சபையே சொல்லிவிட்டது, இதைவிட வேறென்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். பாக்கியரத்தினத்துக்குச் சிரிப்பு வரவில்லை. களஞ்சியக்காரர் மேல்மாடியைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். அது போனால் பொடியன்கள் பழையபடி தெருவுக்குத்தான். அதோடு, இவ்வளவு பாடுபட்டும் வெறுங்கையோடு வந்தது அவருக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஹிஸ்புல்லா அவருடைய வீட்டுக்கு வந்தான். இறங்குதுறையில் மூட்டை தூக்குபவன். இருபது வயதிருக்கும். ஒரு காலத்தில் சண்டையென்றால் முதல் ஆள். மன்றத்துக்கு வந்தபின் சண்டையை விலக்குவதில் முதல் ஆள். இறங்குதுறைப் பொடியன் ஒருவன் சந்தைப் பக்கத்தானின் சைக்கிளை உடைத்துவிட்டானாம். நாளைப் பின்னேரம் அவர்கள் கூட்டமாகக் கடற்கரைக்கு வரப்போகிறார்களாம்.

"நீங்க வந்து ரெண்டு கதை கதைச்சா அடங்கிருவாங்க, ஐயா," என்றான்.

"வாறன். நீ போ," என்றார் பாக்கியரத்தினம்.

சொன்னபோது போவதாகத்தான் இருந்தார். வழக்கம்போல முத்தலிபிடம் சொல்வதற்காகச் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டவர், வாசல் படலையடியில் நின்றுவிட்டார். ஒரு சின்ன இழுபறி நடந்தால்தான் என்ன என்ற எண்ணம் அங்கே வைத்துத்தான் வந்தது. நாலு சட்டை கிழியும். பொலிஸ் வந்து கலைக்கும். விஷயம் சபைக்கு எட்டும். மன்றம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்கு விளங்கும். எல்லாம் பொடியன்களுடைய நன்மைக்குத்தானே. அவர் உள்ளே திரும்பி வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

ஞாயிறு பின்னேரம் தலையிடி என்று மனைவி பூரணியிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அவள் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போகும்வரை அவர் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். பொழுது சாயமுன்னரே செய்தி வந்துவிட்டது. ஹிஸ்புல்லாவின் முகத்தில் சோடாப் போத்தல் பட்டு உடைந்ததாம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். இடது கண் இனித் தெரியாது என்று டொக்டர் சொல்லிவிட்டதாக வாசலிலேயே முத்தலிப் சொன்னார். கட்டிலில் பாதி முகம் கட்டுப் போட்டிருந்த ஹிஸ்புல்லா, குரலைக் கேட்டு இவர் பக்கம் திரும்பினான். தான்தான் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றதாகவும், செக்கரட்டரி ஐயா வாறார், கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லிச் சொல்லி நெடுநேரம் நிறுத்தி வைத்ததாகவும் சொன்னான். எறிந்தவன் தன்னைக் குறிவைக்கவில்லை என்றும் சொன்னான். பிறகு கேட்டான்:

"உங்களுக்குத் தலையிடியாம். இப்ப எப்படி, ஐயா?"

பாக்கியரத்தினம் பரவாயில்லை என்றார். அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததை அவராலேயே தாங்க முடியவில்லை. கொண்டுபோன தோடம்பழங்களைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரி மதிலோடு சாய்ந்து நின்றார்.

சபையின் அடுத்த கூட்டத்தில் அவரைப் பேசச் சொன்னார்கள். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எழுந்து, ஹிஸ்புல்லா என்ற பிள்ளை சண்டையை விலக்கப் போய்க் கண்ணைப் பறிகொடுத்ததைச் சொன்னார். உதவிப் பணம் ஏகமனதாக நிறைவேறியது. அன்றைக்குச் சண்டை நடக்கிற வட்டாரங்களைப் பற்றிப் பேசிய அதே உறுப்பினர் எழுந்து வந்து, கண் கலங்க அவருடைய கையைப் பிடித்தார். அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பாக்கியரத்தினம் வீடுவரை நடந்தார்.

அடுத்த நாள் தையல்கடைக்குப் போய் முத்தலிபிடம் எல்லாவற்றையும் சொன்னார். முத்தலிப் தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"எனக்கு ஏன் சொல்லயில்ல?"

"சொன்னா நீங்க போயிருப்பீங்க."

முத்தலிப் ஊசியிலிருந்து நழுவிய நூலைக் கோத்தார். பிறகு, இதைத் தனக்குச் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை, சொல்ல வேண்டிய இடம் வேறு என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி தைக்கத் தொடங்கினார்.

ஹிஸ்புல்லாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்ட பிறகு பாக்கியரத்தினம் அங்கே போனார். அவனுடைய தாய் றஹ்மா கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றக் குசினிக்குப் போனார். பாக்கியரத்தினம் உட்காரவில்லை. சனிக்கிழமை படலையடியில் நினைத்ததையும், ஞாயிற்றுக்கிழமை படுத்துக் கிடந்ததையும் நின்றபடியே சொன்னார். ஹிஸ்புல்லா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப தலையிடி இல்லையா?" என்றான்.

"இல்லை."

"அடிபடுவாங்க எண்டு தெரியும்தானே உங்களுக்கு?"

"தெரியும். இவ்வளவு வரும் எண்டு நினைக்கயில்ல."

கதவடியில் கோப்பையோடு வந்து நின்ற றஹ்மா, அதைக் கொடுக்காமல் திரும்பக் குசினிக்குக் கொண்டுபோனார். அதற்குமேல் அங்கே நிற்க ஏலாது என்று தெரிந்து பாக்கியரத்தினம் வெளியே வந்தார்.

சபைத் தலைவரிடமும் போய் நடந்ததைச் சொல்லி, மன்றத்தின் செயலாளர் பதவியை விட்டார். தலைவர் பணத்தை முத்தலிபின் பொறுப்பில் விட்டார். மன்றத்துக்கு மேல்மாடி நிலைத்தது. கட்டு அவிழ்த்ததும் ஹிஸ்புல்லா திரும்பி வந்தான். எங்கே புகைந்தாலும் இப்போது முத்தலிபோடு போய் நடுவில் நிற்பவன் அவன்தான் என்று பாக்கியரத்தினம் பிறர் சொல்லித்தான் அறிந்தார்.

இருவரும் துறைமுக வீதியில் அடிக்கடி எதிர்ப்பட்டார்கள். தெரியாத கண் எப்போதும் இவர் பக்கமாகவே இருந்தது. தன்னைக் கண்ணில் படாமல் கடந்து போகிறானா, காண விரும்பாமல் போகிறானா என்று அவருக்குத் தெரியவில்லை. காணவில்லை என்றே வைத்துக்கொள்வது அவருக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியும் ஒருநாள் வெட்கமாகிப் போக, அவன் வருவதைக் கண்டதும் வீதியைக் கடந்து, அவனுடைய பார்வையுள்ள கண் இருந்த மற்றப் பக்கமாக எதிரே நடந்தார். ஹிஸ்புல்லா அவரை நேராகப் பார்த்தான். நடையை நிறுத்தவில்லை. அவர்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.