மெத்தைக் கம்பெனிப் பத்திரம்

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். குப்பையைக் கீழே கொண்டுபோய் வைத்தேன். சட்டையின் முன்பக்கத்துக்கு மட்டும் இஸ்திரி போட்டேன். இரண்டு துண்டு ரொட்டி தின்றேன். ஏழு பத்துக்கு மாமனார் போன் செய்தார். பதினோரு மாதமாக இதே நேரம்.

"மாப்பிள்ளை, இன்னைக்கு அறுபத்திரண்டு."

மெத்தைக் கம்பெனி வெளியிட்ட கடன் பத்திரத்தின் விலை. வாங்கும்போது நூறு. "அரசுப் பத்திரம் ஆறு சதவீதம்தான் தருது, மெத்தை பன்னிரண்டு தருது" என்று நச்சரித்து என் மனைவியை வாங்க வைத்தவர் அவர்தான். ஆறே மாதத்தில் கம்பெனி படுத்துவிட்டது. மெத்தைக் கம்பெனி வேறென்ன செய்யும் என்று அவள் சிரித்தாள்.

மகளின் காசைத் தான் கரைத்துவிட்டதாகவும், தன் மேல் அந்தக் கோபத்தோடுதான் அவள் போய்ச் சேர்ந்ததாகவும் மாமனார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்மை வேறு. வாங்கிய இரண்டாம் மாதமே அதைத் தொண்ணூற்றெட்டுக்கு விற்று நகராட்சிப் பத்திரம் வாங்கிவிட்டாள். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

"கிளம்பி இருங்க," என்றார். "பத்திரத்து விதியெல்லாம் நேத்துதான் முழுசாப் படிச்சேன். வச்சிருக்கிறவங்க தவறிட்டா, ஒரு வருஷத்துக்குள்ள வாரிசு கேட்டா, கம்பெனி முழு நூறையும் குடுத்தாகணும். என் பொண்ணு காசை மீட்டுடலாம்."

மறுக்க ஒரு முழு வாக்கியம் வேண்டும்.

"சரி மாமா."

பஸ்ஸில் வழி நெடுகப் பேசினார். "அரசாங்கம் வரியைப் போட்டாவது வட்டி கட்டிடும். பயமே இல்ல. அதான் கம்மியாத் தருது. கம்பெனிக்காரன் நாலு மெத்தை வித்தாத்தான் நமக்கு."

"நகராட்சி?"

"தண்ணிக் கட்டணத்துல இருந்து தருவான். அதைப் போய் யார் வாங்குவா!"

எங்கள் தெருச் சாக்கடையை நகராட்சிப் பத்திரப் பணத்தில்தான் தோண்டினார்கள். அவள் மாடியில் நின்று, "அண்ணே, அது என் காசு, நேராத் தோண்டுங்க!" என்று கத்துவாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பத்திரக் கணக்கு அலுவலகத்தில், கவுன்டரில் இருந்த பெண் என் மனைவியின் கணக்கு எண்ணைத் தட்டினாள்.

"இவங்க பேர்ல மெத்தை எதுவும் இல்லையே சார். அரசு கொஞ்சம், நகராட்சி கொஞ்சம்."

"நல்லாப் பாரும்மா."

"எப்பவோ வித்துட்டாங்க. தொண்ணூத்தெட்டுக்கு." திரையை இன்னொரு முறை பார்த்தாள். "கெட்டிக்காரங்க."

மாமனார் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பதினோரு மாசமா நான் விலை சொல்றேன், நீங்க உம் கொட்டிட்டு இருந்தீங்களா?"

"ஆமாம்."

அவர் தன் கணக்கு அட்டையை எடுத்து நீட்டினார். "அப்ப இதுக்காவது அந்த நூறு கிடைக்குமா பாரும்மா. இதுலயும் அதே பத்திரம்தான்."

"வச்சிருக்கிறவர் தவறினாத்தான் சார் முழு நூறு."

"வச்சிருக்கிறவன் நான்தாம்மா."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப கொஞ்சம் காத்திருக்கணும் சார்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"கழுதை! பெத்த அப்பனுக்கே டிமிக்கி குடுத்திருக்கா பாருங்க."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப என் மேல கோவமா போகலையா மாப்பிள்ளை? கடைசியா என்ன சொன்னா? எனக்காக எதையும் மாத்தாதீங்க. அவ சொன்னதை அப்படியே சொல்லுங்க."

பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்னேன். ஆபரேஷன் தியேட்டர் கதவு திறப்பதற்காக ஸ்ட்ரெச்சரை ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். அவள் என் விரலைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"வித்துட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிடாத. பாவம், அவர் இன்னும் வச்சிட்டிருக்கார்."